நான்கடித் தொட்டியில் ஐந்து ஆண் மீன்கள்

தூத்துக்குடி மேலக் கடைவீதி வியாபாரிகள் சங்கத்தில் தேர்தல் என்று ஒன்று நடந்ததே கிடையாது. தலைவரை ஒரே மனதாகத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். அந்த ஒரே மனது அய்யாக்குட்டி அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சி பத்து வருஷத்துக்கு மேல் தலைவர். பாண்டித்துரை அதே அளவு காலம் செயலாளர். பலசரக்கு மொத்த வியாபாரத்தை மச்சானிடம் விட்டுவிட்டுச் சங்கத்துக்காக ஓடியவர். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு மோர் ஊற்றுவது அவர். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு வெயிலில் நிற்பதும் அவர். மறுநாள் பேப்பரில் அண்ணாச்சியின் படம் வரும். பாண்டித்துரையும் அதில் இருப்பார், மாலைக்குப் பின்னால்.

ஆகவே, சித்திரை மாதக் கூட்டத்தில் அண்ணாச்சி, "முழங்கால் முடியலைப்பா. வர்ற மகாசபையோட நான் ஒதுங்கிக்கிடுதேன்" என்றபோது, பாண்டித்துரையின் முகத்தில் வருத்தம் வர நேரமாகிவிட்டது. அதற்குள் மகிழ்ச்சி வந்து உட்கார்ந்திருந்தது.

சங்கத்தில் ஐந்து பிரிவுகள். உப்பு, ஜவுளி, பலசரக்கு, கருப்பட்டி, துறைமுக ஏஜென்ட். எதைச் செய்தாலும் ஐந்து பிரிவுக்கும் உபயத்தில் பங்கு வேண்டும். சங்கத்தின் பழைய கட்டடத்தில் மின்விசிறியின் இறக்கைகளில்கூட உபயதாரர் பெயர் எழுதியிருந்தது. விசிறி ஓடினால் யார் பெயரும் தெரியவில்லை என்று புகார் வந்து, கூட்டம் நடக்கும்போது விசிறியை நிறுத்தி வைப்பது என்று தீர்மானம் போட்டவர்கள் அவர்கள். அதன்பிறகுதான் ஏசி போட்ட புதுக் கட்டடம் கட்டினார்கள்.

புதுக் கட்டடத்தைப் பார்த்த வாஸ்துக்காரர், ஈசான்ய மூலையில் மீன் தொட்டி வைத்தால் உட்பூசல் குறையும் என்று சொல்லியிருந்தார். நான்கடித் தொட்டி அய்யாக்குட்டி அண்ணாச்சி உபயம். மீன்கள், பிரிவுக்கு ஒன்று வீதம் ஐந்து.

"ஏலே துரை, இங்கன வா" என்று அண்ணாச்சி கூப்பிட்டார். "அடுத்த தலைவர் யாருன்னு எல்லாவனும் என்னைக் கேக்கான். நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. அஞ்சு பிரிவு மீனையும் ஒரே தொட்டியில விட்டு மகாசபை வரைக்கும் காப்பாத்து. ஒண்ணு சாவக்கூடாது. காப்பாத்திட்டேன்னா உன் பேரை நானே முன்மொழிதேன். ஒரு மீன் செத்தாலும் வேற ஆளைப் பாத்துக்கிடுவோம்."

"மீனுக்கும் தலைவர் பதவிக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?"

"அஞ்சு மீனைக் காப்பாத்த முடியாதவன் இந்த அஞ்சு பிரிவை எப்படில காப்பாத்துவான்?" என்று எதிரே இருந்தவர்களைக் காட்டினார் அண்ணாச்சி. அவர்கள் அப்போது, தொட்டிக்குப் பக்கத்தில் யார் நாற்காலி போடுவது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

உப்புப் பிரிவின் பாண்டியராஜன் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் அந்தப் பதவியின்மேல் ஒரு கண். இரண்டு கண் என்றும் சொல்லலாம்.

மீன் வாங்க ஒருவர் போனால் போதும். ஆனால் அந்த ஒருவர் தன் பிரிவுக்கு நல்ல மீனாகப் பார்த்து எடுத்துவிடுவாரே. அதனால் ஊரில் இருந்த எல்லாரும் வேன் வைத்துப் போனார்கள்.

காயல்பட்டினம் மஹ்மூது பாய் நடத்தும் மீன் கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. பாய் துபாயில் ஓர் அரபி வீட்டில் மீன் தொட்டிகளைப் பராமரித்தவர். அந்த அரபியின் தொட்டி ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு அடி நீளும்.

பாய் முதலில் தங்க மீன்களைக் காட்டினார்.

"இதுல ஒரு கெத்து இல்லையே" என்றார் பாண்டியராஜன். "நம்மளைப் பாத்ததும் வாலாட்டுது. சங்கத்துல வச்சா நாலு பேரு பயப்பட வேண்டாமா?"

"அப்போ இங்கன வாங்க" என்று பாய் உள்ளே கூட்டிப்போனார். அங்கே தனித் தொட்டியில் ஒரு மீன் நின்றது. நெற்றியில் பெரிய திமில். சிவப்பு உடம்பு. கண்ணாடி வழியாக வந்திருந்த எல்லாரையும் ஒரே முறைப்பில் முறைத்தது. பூக்கொம்பன் என்று சிலர் சொல்லும் ஃப்ளவர்ஹார்ன்.

நான்கு விரல்கள் ஒரே நேரத்தில் அதை நோக்கி நீண்டன. கருப்பட்டிப் பிரிவின் ஆறுமுகநயினார் உடன்குடிக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்ததால் ஒரு விரல் குறைவு.

"இதுல அஞ்சு கொடும்" என்றார் ஜவுளி விஜயராஜ்.

"தாராளமா தாரேன் அண்ணாச்சி. ஒண்ணு வாங்கினாலும் தொட்டியில ஒண்ணுதான் இருக்கும். அஞ்சு வாங்கினாலும் மறுநாள் ஒண்ணுதான் இருக்கும்."

"அந்த ஒண்ணு யாருதா இருக்கும்?" என்று கேட்டார் பாண்டியராஜன்.

தன்னுடையதாக இருக்கும் என்ற நம்பிக்கை ஒவ்வொருவருக்கும் இருந்தது. அடுத்தவனுடையதாக இருந்துவிட்டால் என்ற பயம் அதைவிட அதிகமாக இருந்தது. ஃப்ளவர்ஹார்ன் யாருக்கும் கிடையாது என்று அங்கேயே முடிவானது.

"நாலடித் தொட்டிதானே" என்று பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுக்கு இதே குடும்பத்துல நடுத்தர அளவு மீன் இருக்கு. சிக்லிட்னு பேரு. தொட்டிக்குள்ள போனதும் ஒரு கல்லைப் பிடிச்சிக்கிடும். இது என் இடம்னு. அடுத்தவன் எல்லையைத் தாண்டினா அடி."

நிர்வாகக் குழுவுக்குச் சிக்லிட்டை உடனே பிடித்துப் போயிற்று.

"ஆனா சேத்து வைக்கதுக்கு ஒரு முறை இருக்கு. அதை மீறினா மவுத்துதான், ஒண்ணும் பிழைக்காது" என்று பாய் தொடர்ந்தார். "ஒரே மாதிரி ரெண்டு மீன் கூடாது. தன்னை மாதிரியே இருக்கவனைத்தான் அதுக்கு ஆகாது."

"எங்களுக்கும் வேண்டாம். எது யார் மீனுன்னு தெரியணும்லா" என்றார் விஜயராஜ்.

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா இருக்கக்கூடாது."

"இருந்துருமா? விட்டுருவோமா?" என்றார் பாண்டியராஜன்.

"முதல்ல போற மீன் தொட்டி முழுக்கத் தனக்குன்னு நினைச்சிக்கிடும். அதனால எல்லாத்தையும் ஒரே நேரத்துல விடணும்."

"பின்னே, எவன் மீனையாவது முதல்ல விடுவோமா?" என்றார் விஜயராஜ்.

"அப்புறம், ஆணும் பொண்ணும் கலக்கக்கூடாது. முட்டை போட்டாச்சுன்னா பொண்ணு மீன் பாதித் தொட்டியை வளைச்சிக்கிடும்."

ஏஜென்ட் பிரிவின் ஷாம், இருப்பதிலேயே இளையவர், சிரித்தார். "நம்ம சங்கத்துல லேடீஸ் மெம்பரே கிடையாதே பாய். மீன்ல மட்டும் எதுக்கு? எல்லாம் ஜென்ட்ஸாவே போடுங்க."

மஹ்மூது பாய் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கெஞ்சிச் சொல்லியும் கேட்காத விதிகள் இவை. இந்தச் சங்கத்துக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த பொறாமையை வைத்தே அத்தனையையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அரபிகூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்றார் பாய்.

மீன்களைப் பிரித்தார்கள். உப்புக்கு, உடம்பெல்லாம் நீலப் புள்ளி தெறித்த டெம்ப்ஸி. ஏஜென்ட்டுகளுக்கு, கழுத்துக்குக் கீழே சிவந்த ஃபயர்மவுத். ஜவுளிக்கு, மஞ்சள் பட்டு மாதிரி செவரம். பலசரக்குக்கு, அமைதியான நீல அகாரா. விஜயராஜ் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் டேப்பை எடுத்து, கண்ணாடிக்கு வெளியே வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். மூன்று அங்குலம். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அண்ணாச்சி, அளவு ஒண்ணா இருந்தா வயசு ஒண்ணா இருக்காது" என்று ஆரம்பித்தார் பாய். "டெம்ப்ஸி எல்லாம் பின்னால நல்லா வளர்ற மீனு. மூணு அங்குலத்துல அது..."

"வயசை யாருவே பாக்கப் போறா? டேப்பைத்தான் பாப்பாவ" என்றார் விஜயராஜ்.

மிச்சம் கருப்பட்டி. ஷாம் போனில் வீடியோ கால் போட்டு ஆறுமுகநயினாரைப் பிடித்தார். உடன்குடியில் ஒரு கருப்பட்டிக் குவியலுக்கு முன்னால் நயினாரின் முகம் தெரிந்தது. மூன்று அங்குலத்தில் மீதம் இருந்தது கறுப்புப் பட்டை போட்ட ஒரு வகைதான்.

"இதுக்குப் பேரு கான்விக்ட், அண்ணாச்சி. கைதின்னு அர்த்தம்" என்றார் ஷாம், தேவையில்லாமல்.

"எங்களுக்கு மட்டும் ஜெயில்காரனா? உங்களுக்கெல்லாம் பட்டு, பவளம்."

"கம்பி போட்ட சட்டைன்னு வச்சிக்கிடுங்க."

"கேமராவைக் கிட்டக் கொண்டு போலே. ஆங், அந்தா, பின்னால நிக்குல்லா, வயித்துல தங்கம் மினுங்குது பாரு. அதை எடுக்கச் சொல்லு."

மஹ்மூது பாய் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, வயித்துல அந்தக் கலர் இருந்தா அது வந்து..."

"பாய், தங்கம் இருக்கதைத்தான் எடுக்கணும். நீரு வேற எதையாவது தள்ளிவிடப் பாக்காதேயும்."

வாடிக்கையாளர் கை காட்டியதைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது என்பதையும் பாய் துபாயில்தான் கற்றிருந்தார். வலையை விட்டு எடுத்துக் கொடுத்தார்.

நல்ல நேரம் பார்த்து மீன் விட்டார்கள். தொட்டியின் அடியில் முத்துச்சிப்பி ஓடுகள் பரப்பியிருந்தது. ஐந்து மூலைக்கு ஐந்து கல் குகை என்று பாண்டியராஜன் கேட்டார். தொட்டிக்கு நான்கு மூலைதான் என்று விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் சம இடைவெளியில் ஐந்து குகை வைத்து, நடுவில் சங்கக் கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றைப் பொதுச் சொத்தாக வைத்தார்கள். வாசல், படிக்கட்டு, மாடி எல்லாம் இருந்தது. ஐந்து பேரும் ஐந்து பையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க, அய்யாக்குட்டி அண்ணாச்சி விசில் ஊதினார். ஐந்து மீனும் ஒரே கணத்தில் தண்ணீரில் விழுந்தன. ஷாம் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யாரும் முந்தவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் கேசரி பரிமாறினார்கள்.

சண்டை வரும் என்று பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஆளுக்கொரு குகையில் மீன்கள் குடியேறின. லேசாக முறைத்தன, செவுளை விரித்தன, திரும்பிப் போயின. சங்கத்துக்கு ஆள் வருவதே அதிகமானது. மாதக் கூட்டத்துக்கு வராதவர்கள்கூடத் தங்கள் பிரிவு மீனைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் மீனுக்கு மட்டும் இரை போட்டார்கள். தண்ணீர் கலங்கியது. பாண்டித்துரை இரை டப்பாவைப் பூட்டி வைத்து, காலையும் மாலையும் தானே போட்டார், கட்டட மாதிரிக்கு நேர் மேலே, பாரபட்சமில்லாமல்.

"என்னங்க, கடைக்குப் போறியளா, மீனுக்குப் போறியளா?" என்று மனைவி இந்துமதி கேட்பாள்.

"இன்னும் கொஞ்ச நாளுதான் இந்து. மகாசபை முடிஞ்சா வேற ஆளு இரை போடுவான். நான் உக்காந்திருப்பேன்."

"அங்கன உக்காந்தா கடையில யாரு உக்காருவா?"

பாண்டித்துரை இரை டப்பாவின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தலைவர்கள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

மகாசபைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் இரை போடப் போனவர் டப்பாவைக் கீழே போட்டார்.

உப்பு, ஜவுளி, ஏஜென்ட், பலசரக்கு நான்கும் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு மூலையில் குவிந்து நின்றன. உப்பின் வால் கிழிந்து தொங்கியது. சங்கக் கட்டட வாசலில் கருப்பட்டி மீன் நின்றது. பட்டைகள் மை போல் கறுத்திருந்தன. இரை விழும் இடத்தை நோக்கி மற்ற மீன்கள் ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும், அம்பு மாதிரி பாய்ந்து துரத்திவிட்டுத் திரும்ப வந்து வாசலில் நின்றது.

மஹ்மூது பாய் வந்தார். கைப்பேசியின் வெளிச்சத்தைக் கட்டடத்துக்குள் அடித்துப் பார்த்தார். "அதோ, உள் சுவர்ல ஒட்டியிருக்கு பாருங்க. முட்டை."

"ஆண் மீன் எப்படிவே முட்டை போடும்?"

"ஆண் மீன் போடாது."

பாண்டித்துரை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"வயித்துல தங்கம் இருந்தாலே பொண்ணுதான். நான் அன்னைக்கே சொல்ல வந்தேன். அது மட்டுமில்ல, மத்தது எல்லாம் மூணு அங்குலத்துல சின்னப் பயலுவ. இவ மூணு அங்குலத்துல முழுப் பொம்பளை. ஒரே அளவுல வேணும்னு கேட்டிய. நாலு பச்சைப் புள்ளையோட ஒரு வீட்டுக்காரியைக் கொண்டு விட்டிருக்கிய."

"அப்போ முட்டைக்கு அப்பன்?"

"அப்பன் எதுக்கு? தனியாவும் போடும். பொரிக்காது. ஆனா அது தெரியாம காவல் காக்கும்."

"இவளை எடுத்துருவோமா?"

"எடுத்தா எல்லாம் சரியாயிடும். நான் வலை கொண்டாந்திருக்கேன்."

வலை தண்ணீரைத் தொடும் முன்பே பாண்டித்துரை பாயின் கையைப் பிடித்தார். எடுத்தால் கருப்பட்டிப் பிரிவின் உபயத்தை எடுத்ததாகிவிடும். கருப்பட்டி வெளிநடப்பு செய்யும். ஒரே மனது போய்விடும். எடுக்காவிட்டால் உப்பு செத்துவிடும். உப்பு செத்தால் தலைவர் பதவியும் சேர்ந்து செத்துவிடும். சம்பந்தப்பட்டவரிடமே கேட்டுவிடலாம் என்று, பாயையும் கூட்டிக்கொண்டு கருப்பட்டி மண்டிக்குப் போனார்.

ஆறுமுகநயினார் விஷயத்தைக் கேட்டதும் முதலில் வாசல் கதவைச் சாத்தினார்.

"பொட்டையா? வெளிய யாருக்கும் தெரியுமா?"

"எங்களுக்குத்தான்."

"உங்களுக்கு மட்டும் இருக்கட்டும். கருப்பட்டி சார்பா பொட்டை மீனை விட்டான் நயினார்னு அந்த உப்புக்காரன் ஊர் பூரா சொல்லுவான். மீனை எடுத்தியளோ, நான் மகாசபைக்கே வரமாட்டேன். எடுத்தா ஏன்னு கேப்பான்லா."

"எடுக்காம இருந்தா அவன் மீன் செத்துரும் நயினாரண்ணே."

"சாவட்டும்."

உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. "யாரு சாவட்டும்?"

சீனித்தாய் வந்தார். நயினாரின் மதினி. அண்ணன் இறந்த பிறகு மண்டியை நடத்துவது அவர்தான். விடியுமுன்னே வந்து, லோடு இறக்கி, எடை பார்த்து, வசூலுக்கு ஆள் அனுப்பிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். சங்கத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லாததால், மண்டி சார்பாக நயினார் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். உட்கார்வதில் நயினாருக்கு நல்ல அனுபவம்.

பாண்டித்துரை எல்லாவற்றையும் சொன்னார். சீனித்தாய் நின்றபடியே கேட்டார்.

"முட்டை போட்டவ வாசல்ல நிக்கத்தானே செய்வா. அவளை ஏன் எடுக்கணும்? அந்த நாலு பேரும் அவ வீட்டுக்கு என்ன சோலியா வாரானுவ?"

"வீடு இல்லக்கா, சங்கக் கட்டடம். நடுவுல இருக்கு."

"அதான் என்னத்துக்கு வாரானுவன்னு கேக்கேன்."

பாண்டித்துரை பாயைப் பார்த்தார். பாய் தலையைச் சொறிந்தார். "இரைக்குத்தான் வருதுன்னு நினைக்கேன். அண்ணாச்சி கட்டடத்துக்கு மேலதானே போடுதாவ."

"நடுவுலன்னா யாருக்கும் குறை இருக்காதுன்னு போட்டேன்" என்றார் பாண்டித்துரை.

"நல்லாப் போட்டிய தம்பி. அவ வாசல்ல பந்தியைப் போட்டுட்டு, பந்திக்கு வந்தவனை அடிக்கான்னு வந்து நிக்கிய. நடங்க, பாப்போம்."

சீனித்தாய் அன்றுதான் சங்கத்துக்குள் முதல்முறை கால் வைத்தார். தொட்டியைச் சுற்றி வந்தார். பாயிடம் கேட்டுக் கேட்டு வேலை வாங்கினார். கட்டடத்துக்கும் ஃபில்டர் மூலைக்கும் நடுவே இரண்டு உயரக் கற்களை நிறுத்தி ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் செய்யலாம் என்றார் பாய். "செய்யும்" என்றார் சீனித்தாய். கல்லை நகர்த்த நிர்வாகக் குழு தீர்மானம் வேண்டும் என்றார் பாண்டித்துரை. "அப்போ மீன் செத்ததுக்கும் தீர்மானம் போட்டுக்கிடுவியளா?" என்று கேட்டார் சீனித்தாய். கல் நகர்ந்தது. இரையை ஃபில்டர் மூலையிலேயே போட்டார்கள். நான்கு மீனும் அங்கேயே தின்றன. இந்தப் பக்கத்தில் காவல்காரிக்குத் துரத்த ஆள் இல்லை. வாசலில் நின்றாள், அவ்வளவுதான்.

ஆனால் பாண்டித்துரைக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் தினமும் சீனித்தாயே வந்து இரை போட்டுவிட்டுப் போனார். இரண்டு மூன்று நாளில் முட்டைகள் வெளுத்தன. காவல்காரி அவற்றைத் தானே தின்றுவிட்டாள். உப்பின் வால் ஓரத்தில் புதுத் தோல் வளர ஆரம்பித்தது. ஆனால் நான்கு பயல்களும் மூலையை விட்டு வெளியே வரத் துணியவில்லை.

மகாசபையன்று ஹால் நிறைந்திருந்தது. ஐந்து மீனையும் எண்ணிப் பார்த்துவிட்டு அய்யாக்குட்டி அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "சொன்ன சொல்லு சொல்லுதான். அஞ்சும் உசுரோட இருக்கு. அடுத்த தலைவரா பாண்டித்துரை பேரை..."

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று பாண்டியராஜன் எழுந்தார். "என் மீன் வால் எப்படிக் கிழிஞ்சிதுன்னு கேட்டுட்டு முன்மொழிங்க. தினமும் யாரு வந்து இரை போட்டாங்கன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், காப்பாத்தினது யாருன்னும் கேளுங்க. மஹ்மூது பாயைக் கூட்டியாந்திருக்கேன், பின்னாலதான் நிக்காரு."

பாய்க்குப் பொய் சொல்ல வராது. துபாய்த் தொட்டியின் நீளம் ஒன்றைத் தவிர. நடந்ததை நடந்தபடி சொன்னார். பெண் மீன் என்ற வார்த்தை வந்ததும் ஹால் சிரித்தது. ஆறுமுகநயினார் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"அப்போ மீனைக் காப்பாத்தினது துரை இல்ல" என்றார் பாண்டியராஜன். "உப்புப் பிரிவு சார்பா நான் நிக்கேன்."

"உப்பு நின்னா ஜவுளி என்ன உக்காந்துக்கிட்டா இருக்கும்?" என்று விஜயராஜ் எழுந்தார்.

"யங்ஸ்டர்ஸுக்கும் ஒரு சான்ஸ் வேணும்லா" என்று ஷாமும் எழுந்தார்.

ஆறுமுகநயினார் செருப்பிலிருந்து கண்ணை எடுத்தார். நிலவரம் மாறியிருப்பது புரிந்தது. "நியாயமாப் பாத்தா, தொட்டியையே ஆண்டது எங்க மீனுதான். உங்க மீனெல்லாம் மூலையில நின்னுச்சு. பதவி கருப்பட்டிக்குத்தான் வரணும்."

ஐந்து பேரும் நின்றார்கள். உட்காரச் சொல்ல ஆள் இல்லை. அய்யாக்குட்டி அண்ணாச்சி மைக்கை வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். சங்க வரலாற்றில் முதல்முறையாக ஓட்டுப் பெட்டி வைக்க வேண்டிவரும். நாளைப் பேப்பரில் 'மேலக் கடைவீதியில் போட்டி' என்று வரும்.

பாண்டித்துரை மனதுக்குள் ஓட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். பலசரக்கு பலசரக்குக்குப் போடும். உப்பு உப்புக்குப் போடும். ஆனால் உப்பில் ஆள் அதிகம். பாண்டியராஜன் தலைவரானால், முதல் கூட்டத்திலேயே செயலாளரை மாற்றுவார். தலைவர் பதவி போனதுகூடப் பரவாயில்லை. அது பாண்டியராஜனுக்குப் போவதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது.

"நயினாரண்ணன் சொல்லுததுல ஒரு நியாயம் இருக்கு" என்றார் திடீரென்று. ஹால் திரும்பியது. நயினாரே ஆச்சரியமாகத் திரும்பினார். "கருப்பட்டிக்கே கொடுப்போம். ஆனா மண்டி லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்கதானே மெம்பர்? நயினாரண்ணே, யார் பேர்ல இருக்கு?"

நயினார் மறுபடியும் குனிந்து செருப்பைப் பார்த்தார். லைசென்ஸ் மதினி பேரில்தான் இருந்தது. எல்லாரும் ஈசான்ய மூலையைப் பார்த்தார்கள். இரை போடும் நேரம் என்று வந்திருந்த சீனித்தாய், தொட்டி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

பாண்டியராஜன் யோசித்தார்: விஜயராஜிடம் தோற்றால் கடைவீதியில் தலைகாட்ட முடியாது. ஒரு பொம்பளைக்கு விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. தவிர, அந்த அம்மாள் எங்கே கூட்டத்துக்கு வரப்போகிறது, எல்லாம் நாம் பார்த்துக்கொள்ளலாம். இதையே விஜயராஜும் யோசித்தார். ஷாமும் யோசித்தார். நயினார் மட்டும் யோசிக்கவில்லை. அவருக்கு மதினியைத் தெரியும்.

"பாண்டித்துரை முன்மொழிதான். யாரு வழிமொழியுதிய?" என்று அண்ணாச்சி கேட்டு முடிக்கும் முன்பே மூன்று கைகள் உயர்ந்தன. நான்காவது கை மெதுவாக, வேறு வழியில்லாமல் உயர்ந்தது.

"சீனித்தாய், உனக்குச் சம்மதமாம்மா?"

சீனித்தாய் இரையைப் போட்டு, மூடியைப் போட்டு, கையை முந்தானையில் துடைத்தார். "மாசக் கூட்டம் எத்தனை மணிக்கு அண்ணாச்சி?"

"சாயந்திரம் ஆறுக்கு."

"அது வியாபார நேரம்லா. காலையில ஆறுக்கு வச்சிக்கிடுவோம். வராதவங்க பிரிவுல வேற ஆளைப் போட்டுக்கிடுவோம். சம்மதம்."

உயர்ந்த கைகளில் ஒன்றிரண்டு இறங்கப் பார்த்தன. ஆனால் அதற்குள் அண்ணாச்சி ஒரே மனதாக என்று அறிவித்துவிட்டார்.

பாண்டித்துரை வீட்டுக்கு வந்தபோது இந்துமதி வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க ஆச்சு? மீனு?"

"அஞ்சும் இருக்கு."

"அப்போ ஜெயிச்சிட்டிய."

"பாண்டியராஜனை வரவிடல."

"நான் அதைக் கேக்கல. தலைவர் யாரு?"

சொன்னார். இந்துமதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, இரக்கப்பட்டாளா என்று தெரியவில்லை. பாண்டித்துரை அதை ஆராயாமல் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

"நாளைக்குப் பேப்பர்ல வரும்லா? உங்க பேரு எங்கன இருக்கும்?"

"அறிக்கைக்குக் கீழ. 'இப்படிக்கு, செயலாளர்'னு." புதுத் தலைவரின் காலை ஆறு மணிக்குப் பழகிக்கொள்ள, அலாரத்தை ஐந்து மணிக்கு வைத்துவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார்.